தீர்ப்புச் சொல்லாத ஆள் வேண்டும்

கணவன் மனைவிக்குள் பேச்சு அற்றுப்போனது, வீட்டில் ஓயாத சண்டை, காரணம் தெரியாத அழுகை என்று வருகிற கடிதங்களில் பாதி, 'இதற்கெல்லாம் யாரிடம் போவது?' என்றுதான் முடிகின்றன. எனவே இந்த இதழில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதத் தெரியாது. மருந்துச் சீட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்கத் தெரியும்.

அக்கா, எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பையன் மூன்றாம் வகுப்பு. கணவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிடுவார். ஆனால் எங்களுக்குள் பேச்சே இல்லை. 'கேஸ் புக் பண்ணியாச்சா', 'பீஸ் கட்டியாச்சா', அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்தோம், 'அனுசரிச்சுப் போம்மா' என்று முடித்துவிட்டார்கள். ஜோசியர் ஏழரைச் சனி, இரண்டு வருஷம் பொறுங்கள் என்றார். கவுன்சலிங் போகலாம் என்றால், 'எனக்கென்ன பைத்தியமா? வேணும்னா நீ போ' என்கிறார். நெட்டில் தேடினால் ரிலேஷன்ஷிப் கோச், ஹீலர், மேரேஜ் எக்ஸ்பர்ட் என்று ஏகப்பட்ட பேர். ஒருவர் 15,000 ரூபாய் முன்பணம் கட்டினால் 21 நாளில் கணவரை மாற்றித் தருவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது? இப்போதெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கே முழித்துக்கொள்கிறேன், சாப்பாடும் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

போகிறபோக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, மூன்று மணி முழிப்பும் பசியின்மையும், அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே ஓடுகிறது, எதிலும் நாட்டம் இல்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவர் பேசாததால் இது வந்ததா, இது வந்ததால் அவர் பேசாதது இவ்வளவு கனக்கிறதா என்று கடிதத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆகவே முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது, காலையில் சீக்கிரம் போனால் போதும். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று இருந்தால் மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெரிந்தவருக்கும் அதே பயம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனி பகவான் அவர் போகும்போது போகட்டும். தூக்கத்தை அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.

சரி, கவுன்சலிங். யார் யார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போல மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம். ஆனால் கூட்டமான ஓ.பி.யில் அவர் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வழியே இல்லை, அது அவர் தப்பும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் முதுகலைக்குப் பிறகு நோயாளிகளோடு இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து எம்.பில். முடித்தவர். மருந்து எழுத மாட்டார், உட்கார்ந்து பேசுவதுதான் அவர் தொழில். இவர்கள் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுவில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும், அந்தக் குழுவின் இணையதளத்தில் பெயரைப் போட்டும் பார்க்கலாம். மனநல சமூகப் பணியாளர்கள் என்று எங்கள் கூட்டம் ஒன்று உண்டு, குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவதில் பழகியவர்கள்.

மிச்சமிருப்பது கவுன்சலர். இதில்தான் நெல்லும் பதரும் கலந்து கிடக்கிறது. எம்.எஸ்சி. சைக்காலஜியோ எம்.எஸ்.டபிள்யூ.வோ படித்து, மூத்தவர்களிடம் பயிற்சி எடுத்து, அருமையாக வேலை செய்கிற பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். வார இறுதியில் ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்கி, திங்கட்கிழமை பலகை மாட்டியவர்களையும் தெரியும். 2021-ல் வந்த இணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் 'கவுன்சலர்' என்று வாசலில் எழுதிக்கொள்ள இன்னும் பெரிய தடை எதுவும் இல்லை. விசாரிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

அந்த 21 நாள் ஆளிடம் போகாதீர்கள். அவர் உங்கள் கணவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத மனிதரை மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் எப்போதும் உண்டு. அவர்கள் எலுமிச்சம்பழம் கேட்பார்கள், இவர் ஜிபே கேட்கிறார்.

போவதற்கு முன்னால் போனில் பேசுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், கணவன் மனைவியைச் சேர்த்துப் பார்த்துப் பழக்கம் உண்டா, ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வழக்கம். பெரிய ஊர்களில் தனியாரிடம் 1,000-லிருந்து 3,000 ரூபாய் வரை ஆகும். கையில் காசில்லை என்றால், குறைந்த கட்டணத்தில் பார்ப்பீர்களா என்றே கேட்டுவிடலாம், சிலர் அப்படி ஒன்றிரண்டு பேரை எடுத்துக்கொள்வதுண்டு. அப்புறம் பலரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி: 'நான் தனியாகச் சொல்வதை என் கணவரிடம் சொல்வீர்களா? அவர் தனியாகச் சொல்வதை என்னிடம் மறைப்பீர்களா?' இதற்கு ஒவ்வொருவரும் ஒரு விதி வைத்திருப்பார்கள். சிலர் தனியாக எதையும் கேட்கவே மாட்டார்கள், சிலர் கேட்டு ரகசியமாக வைப்பார்கள். எந்த விதி என்பது பெரிதில்லை. விதி என்று ஒன்று இருக்க வேண்டும், அதை முதல் நாளே சொல்ல வேண்டும். 'அதெல்லாம் பாத்துக்கலாம்மா' என்றால் போனை வைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்களை வைத்துப் பேசியது ஏன் எடுபடவில்லை? அவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வந்தவர்கள். யார் பக்கம் நியாயம் என்று முடிவு கட்டி, ஒருவரைக் கண்டித்து, இன்னொருவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். நாமும் பழக்கதோஷத்தில் கவுன்சலரிடம் அதையே எதிர்பார்த்துப் போகிறோம்: 'மேடம், நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்பு?' இதற்கு உடனே பதில் சொல்கிற கவுன்சலரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். முதல் கால் மணி நேரத்திலேயே 'ஆம்பளைங்க அப்படித்தாம்மா', 'இன்னொரு குழந்தை பெத்துக்கோங்க, சரியாயிடும்' என்பவரும், அதே கால் மணியில் 'டிவோர்ஸ் பண்ணிடுங்க' என்பவரும் ஒரே ரகம். ஏ.சி. போட்ட பஞ்சாயத்து அது.

விவரமானவர் வேறு மாதிரிக் கேட்பார். உங்கள் கணவர் மாடிக்குப் போவதற்குச் சற்று முன் நீங்கள் என்ன சொன்னீர்கள்? எந்தக் குரலில்? அவர் போன பிறகு என்ன செய்தீர்கள்? உண்மையில் அப்போது உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது? கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது தம்பதிகளோடு வேலை செய்கிற எல்லோருக்கும் பழகிய சுழல். ஒருவர் நெருங்கி நெருங்கிக் கேட்பார், மற்றவர் விலகி விலகிப் போவார். நீங்கள் கேட்கக் கேட்க, 'நான் என்ன செய்தாலும் குற்றம்தான்' என்று அவருக்குத் தோன்றும், எழுந்துவிடுவார். அவர் எழுந்ததும், 'நான் ஒரு பொருட்டே இல்லை' என்று உங்களுக்குத் தோன்றும், இன்னும் கூர்மையாகக் கேட்பீர்கள். இதில் குற்றவாளியைத் தேடினால் ஆயுசுக்கும் தேடலாம். இந்தச் சுழலையே இருவரும் சேர்ந்து பார்க்கும்படி செய்வதுதான் கவுன்சலிங்கில் நடக்கிற வேலை.

கணவர் வர மறுத்தால்? 'நீ போ' என்றார் அல்லவா, போங்கள். ஒருவர் மட்டும் போனாலும் சுழலின் ஒரு முனை உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் 'உங்களுக்குத்தான் கவுன்சலிங் தேவை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'எனக்குத் தூக்கமே வரல, டாக்டரைப் பார்க்கிறேன், வீட்டு நிலைமை பத்தி உங்ககிட்டயும் கேக்கணுமாம்' என்று கூப்பிடுங்கள். டாக்டரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அப்போது அது பொய்யாக இருக்காது. நோயாளியாக வர மறுத்தவர்கள் துணைக்கு என்று வந்து, கதவைச் சாத்தியதும் மடமடவென்று பேசியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேடம், மனைவி வற்புறுத்தியதால் ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் இரண்டு முறை போனேன். 1,500 ரூபாய் வீதம் 3,000 போச்சு. அவர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார், ஒரு தீர்வும் சொல்லவில்லை. நானே பேசுவதற்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?
– பின்னலாடைத் தொழிலில் இருப்பவர், திருப்பூர்

இதை எனக்கு எழுதியதற்குப் பதில் அவரிடமே கேட்டிருக்கலாமே தம்பி. கேட்கலாம், தப்பே இல்லை. ஆர்டர் கொடுத்தவன் டெலிவரி எப்போது என்று கேட்பான்தானே. 'இது எங்கே போகிறது? எதை மாற்ற முயல்கிறோம்? எத்தனை தடவை ஆகும்?' என்று நேராகக் கேளுங்கள். முதல் இரண்டு சந்திப்புகள் கதை கேட்பதிலேயே போவது வழக்கம். ஆனால் நான்கைந்து முறை ஆகியும் என்ன நோக்கம் என்று உங்களுக்கே தெரியவில்லை, கேட்டால் அவர் முகம் சுருங்குகிறது என்றால் ஆளை மாற்றுங்கள். எந்த முறையில் சிகிச்சை தருகிறார் என்பதைப் போலவே, அவருக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகிறதா என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது. ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. ஒத்துப்போவது என்றால் அவர் உங்களுக்கு ஆமாம் போடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுத்துகிற ஒன்றை அவர் சொல்லியும், அடுத்த வாரம் போகத் தோன்ற வேண்டும்.

கேள்வியே கேட்காமல் எழுந்து வந்துவிட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ராத்திரியில் வாட்ஸ்அப்பில் சொந்த விஷயம் பேசுபவர், தொடுபவர், கடன் கேட்பவர், தைலமும் கல்லும் விற்பவர்.

என் கணவர் குடித்தால் அடிப்பார். போன மாதம் கை எலும்பு விரிசல் விட்டது. மாமனார் வீட்டில், 'போலீஸ் எல்லாம் வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து கவுன்சலிங் போங்கள்' என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

சேர்ந்து போகாதீர்கள் அம்மா. மேலே நான் எழுதிய சுழல் கதை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்களால் உண்மை பேச முடியாது. பேசினால் அதற்கு வீட்டில் தனியாக வாங்க வேண்டியிருக்கும். 'உங்க பங்கு என்ன?' என்ற சாதாரணக் கேள்விகூட அங்கே ஆபத்தானது. எலும்பு விரிசல் விட்டதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

181 பெண்கள் உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உங்கள் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சமூக நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் அந்த வீட்டிலேயே தங்கும் உரிமையையும் கேட்கலாம், அவரை விட்டுப் பிரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மகளிர் காவல் நிலையத்தில் 'கவுன்சலிங்' என்று சொல்லி சமாதானம் பேசி அனுப்பப் பார்க்கலாம். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். கைக்கு எடுத்த எக்ஸ்ரே, சீட்டு எல்லாவற்றையும் அம்மா வீட்டில் வையுங்கள்.

குடிக்குத் தனியாக மருத்துவம் இருக்கிறது, அதை அவர் எடுக்க வேண்டும். ஆனால் குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சிலருக்கு நிற்கும். போதை இல்லாமலும் அடிப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஆன்ட்டி, எனக்கு 19 வயசு. காலேஜ் கவுன்சலரிடம் நான் காதலிப்பதைப் பற்றியும், அவன் வேறு சாதி என்பதைப் பற்றியும் சொன்னேன். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்றவர் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். இப்போது என் போனைப் பிடுங்கிவிட்டார்கள். இனிமேல் யாரிடமும் பேச மாட்டேன்.
– தோழியின் மொபைலில் இருந்து

உனக்குக் கோபம் வருவது நியாயம் கண்ணு. எனக்கே வருகிறது. 18 வயது முடிந்தவரின் பேச்சை அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்வது இந்தத் தொழிலில் செய்யக் கூடாதது. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. காலேஜ் கவுன்சலர் அந்தச் சட்டத்துக்குள் வருவாரா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் காதலிப்பது உயிருக்கு ஆபத்து என்ற விலக்கில் வராது. நம் ஊரில் சில சமயம் அதை வெளியே சொல்வதுதான் உயிருக்கு ஆபத்து, அது அந்தக் கவுன்சலருக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குக் கசக்கிறது.

இனிமேல் யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாயே, அந்தக் கவுன்சலரின் தவறுக்கு உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொள்ளாதே. 14416 என்ற எண்ணைத் தோழியின் போனிலிருந்து அழைக்கலாம். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் 'சிநேகா' அமைப்பு இருக்கிறது, அங்கேயும் பேசலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அடுத்த நாளைக்குத் தள்ளாதே, அப்போதே பேசு. உன்னை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை, படிப்பை நிறுத்துகிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் 181. அடுத்த முறை யாரிடம் போனாலும் கதையைச் சொல்வதற்கு முன் கேள்: 'என் வீட்டுக்கு எந்தச் சூழ்நிலையில் போன் செய்வீர்கள்?'

நான் குவைத்தில், மனைவி காரைக்குடியில். வாட்ஸ்அப்பில் தினமும் சண்டை. ஆன்லைன் கவுன்சலிங் பலன் தருமா?

தரும். தமிழில் பேசுபவர்கள் கிடைப்பார்கள், விசாரிக்கும் முறை மேலே சொன்னதுதான். சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் நாலு பேர் தங்கும் அறையில், உங்கள் மனைவி கூட்டுக் குடும்பத்தில். ஹாலில் மாமியார் சீரியல் பார்க்கும்போது அவர் உங்களைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? அவர் தன் அம்மா வீட்டுக்குப் போகும் நாளோ, மாடி அறையோ, சாத்துகிற கதவு ஒன்று முதலில் ஏற்பாடு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை, நேரமும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். மூவரும் ஒரே அழைப்பில் இருப்பதோடு, அவருக்குத் தனியாகவும் ஒரு நேரம் வாங்கிக் கொடுங்கள். அதில் என்ன பேசினாய் என்று அப்புறம் கேட்காதீர்கள்.

கவுன்சலிங் போவதை மாமியாரிடம் சொல்ல வேண்டுமா?
– கோவில்பட்டி

வேண்டாம்.

மனநல மாத்திரை போட்டால் அதற்கு அடிமையாகி, ஆயுள் முழுக்கப் போட வேண்டி வருமாமே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மாத்திரைகளில் ரகம் உண்டு ஐயா. மனச்சோர்வுக்கு இப்போது பரவலாகத் தரும் மாத்திரைகள் போதைப்பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், 'ஒன்றும் ஆகலையே' என்று பலர் அதற்குள் விட்டுவிடுகிறார்கள். தேறிய பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள், பிறகு டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அதைத்தான் அடிமைத்தனம் என்று ஊரில் பேசுகிறார்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற சில மாத்திரைகள் வேறு வகை. அவற்றை மாதக்கணக்கில் போட்டால் பழக்கம் பற்றிக்கொள்ளும், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், அட்டையை அப்படியே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அதுவரை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.